புதுப் பூனைக்குக் கட்டிலடி போதும்

வடசென்னையில் தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் ஒரு ஹாலும் ஒரு கிச்சனுமாக இருக்கிற வீடுகள்தான் அதிகம். "இதுல பூனைக்குத் தனி ரூமுக்கு எங்க போறது?" என்று கேட்பார்கள். வேண்டியதில்லை, கட்டிலடி போதும். வந்த அன்றே வீடு முழுக்கத் திறந்துவிடுவதில்தான் வினையே இருக்கிறது. பழகிய வாடை ஒன்றுமில்லாத இடத்தில் பூனை முதலில் தேடுவது ஒளிய ஒரு சந்து. நாம் கொடுக்காவிட்டால் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தானே போய்ப் புகுந்துகொள்ளும். அங்கே சூடும் உண்டு, கடிக்க ஒயரும் உண்டு. அந்த இடுக்கையும் பீரோவுக்குப் பின்பக்கத்தையும் பூனை வருவதற்கு முன்பே அட்டை வைத்து அடைத்துவிடுங்கள்.

கட்டிலின் மூன்று பக்கமும் பழைய பெட்ஷீட்டைத் தரைவரை தொங்கவிட்டு, உள்ளே பக்கவாட்டில் வாசல் வெட்டிய ஒரு அட்டைப்பெட்டி வையுங்கள். பூனை ஏற்கெனவே படுத்திருந்த துணி கிடைத்தால் துவைக்காமல் அப்படியே அதில் போடுங்கள். சாப்பாடு ஒரு மூலையில், அது மலஜலம் கழிக்க மணல் போட்ட தட்டு எதிர் மூலையில். இரண்டும் ஒட்டி இருந்தால் மண்ணை விட்டுவிட்டு மெத்தையில் போகும். பாத்ரூமில் அடைப்பது சரிப்படாது. தரை ஈரம், பக்கெட் சத்தம், போதாததற்குப் பினாயில்.

பினாயிலைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். கறுப்புப் பினாயிலில் இருக்கும் ஃபீனால் வகைப் பொருளைப் பூனையின் ஈரலால் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. துடைத்த தரையில் நடக்கும், பிறகு பாதத்தை நக்கும், அதோடு விஷம் உள்ளே போய்விடும். சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போதும். பீரோவில் போடும் அந்துருண்டையும் ஆகாது. நாய்க்கு உண்ணி போக வாங்கிய மருந்தைப் பூனைமேல் தடவக் கூடாது. அவற்றில் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும், பூனைக்கு வலிப்பு வரும். உடம்பு சுடுகிறதே என்று அரை பாராசிட்டமால் கொடுத்தால் அதுவே உயிருக்கு உலை வைத்துவிடும்.

மண்ணுக்கு, சலித்து வெயிலில் காயவைத்த ஆற்றுமணல் 2 அங்குல உயரம். கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் வேண்டாம், தூசி பாதத்தில் ஒட்டிக்கொண்டு வீடெல்லாம் வரும். தினம் இருமுறை அள்ளி, மூன்று நாளைக்கு ஒருமுறை மொத்தமாக மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மணல் காயாது. அப்போது கடையில் 'கேட் லிட்டர்' என்று விற்கும், ஈரம் பட்டால் கட்டியாகும் பூனை மண்தான் வழி. ஆனால் ஒரே நாளில் மாற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள்.

மீனுக்கு நம் பக்கம் பஞ்சமில்லை, பிரச்சினையும் அங்கேதான். நெத்திலி, மத்தி போன்ற சில மீன்களில், பச்சையாக இருக்கும்வரை, பி1 வைட்டமினைச் சிதைக்கிற ஒரு நொதி இருக்கிறது. நாள்கணக்கில் பச்சையாகவே போட்டால் பூனை தள்ளாடும், தலை கவிழும், வலிப்பும் வரலாம். கொதிக்கவைத்தால் அந்த நொதி செத்துவிடும். ஆகவே உப்பில்லாமல் வேகவைத்து, முள்ளை விரலால் நசுக்கிப் பார்த்து எடுத்துவிட்டுக் கொடுங்கள். அதுவும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். குழம்பு மீனைக் கழுவிப் போட்டாலும் அதில் வெங்காயமும் பூண்டும் ஊறியிருக்கும். இரண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை. பால் ஊற்றினால் பெரும்பாலான பூனைகளுக்கு வயிற்றால் போகும். நல்ல தண்ணீர் வையுங்கள்.

"இன்னா பூன இது, வெளியவே வர மாட்டுது?" இரண்டு மூன்று நாள் அப்படித்தான் இருக்கும், சிலதுக்கு ஒரு வாரம்கூட ஆகும். இழுத்து எடுக்காதீர்கள். தெருப் பிள்ளைகள் பார்க்க வந்தால் அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள். தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். அது உங்களைப் பார்த்தால் மெதுவாகக் கண்ணை மூடித் திறங்கள். பதிலுக்கு அதுவும் மூடித் திறந்தால் பாதி வேலை முடிந்தது. தெருவில் சாவு மேளம் போனால் மறுபடி கட்டிலடிக்கு ஓடும், விட்டுவிடுங்கள்.

ஒளிவது தப்பில்லை, சாப்பிடாமல் கிடப்பதுதான் தப்பு. பெரிய பூனை ஒரு நாள் முழுக்க ஒன்றும் தொடவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். பட்டினி நீண்டால் ஈரலில் கொழுப்பு சேர்ந்துவிடும். குட்டி என்றால் அரை நாள்கூடப் பொறுக்காதீர்கள். ஆண் பூனை மண்ணில் முக்கி முக்கி உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லை என்றால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி நமக்கு எட்டும் தூரம்தான். குட்டிக்குத் தடுப்பூசி 8 வாரத்தில் தொடங்கும், வெறிநாய்க்கடி ஊசி 12 வாரம் ஆனபின். கருத்தடையை ஐந்தாம் மாதத்தில் கேளுங்கள். நான்கு மாதத்திலேயே சினையாகும் பூனைகள் உண்டு.

கதவைத் திறந்தே வைத்துப் பழகிய தெருவில் பூனை ஒருநாள் நழுவத்தான் செய்யும். அதனால் முதல் நாளிலிருந்தே சாப்பாடு வைக்குமுன் எவர்சில்வர் தட்டில் கரண்டியால் மூன்று தட்டு தட்டுங்கள். ஒவ்வொரு வேளையும் அதே தட்டு, அதே கரண்டி. குறைந்தது ஒரு மாதமாவது உள்ளேயே வைத்திருந்தால் அந்தச் சத்தம் மனதில் பதிந்துவிடும். பிறகு மாடிப்படியில் போய் ஒளிந்தாலும் பின்னால் துரத்தாதீர்கள். துரத்தினால் பக்கத்து மொட்டைமாடிக்குத் தாவும். வாசலில் உட்கார்ந்து தட்டைத் தட்டுங்கள்.