கருப்பு–சிவப்பு மட்கலம்: ஒரு மார்க் பாடத்தின் மிச்சம்

கிருஷ்ணகிரியில் நம்மோடு படித்த யாருக்கும் ‘கருப்பு–சிவப்பு மட்கலம்’ மறந்திருக்காது. பெருங்கற்காலம் என்றால் இரும்பு, கல்திட்டை, கருப்பு–சிவப்பு மட்கலம்; எழுதினால் ஒரு மார்க். ஒரே பானை உள்ளே கருப்பாகவும் வெளியே சிவப்பாகவும் இருப்பது எப்படி என்று வாத்தியாரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. சுடுமண் வேலை செய்கிற ஆள் என்று நம் பழைய மாணவர் மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டதால், விட்டுப்போன அந்தப் பாடத்தையே எழுதுகிறேன்.

பாடமும் இப்போது மாறிவிட்டது. பர்கூர் பக்கத்து மயிலாடும்பாறையில் மாநிலத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் இரும்புப் பயன்பாட்டுக்குக் கிடைத்த காலக்கணிப்பு கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். எல்லாரும் இரும்பைப் பற்றியே பேசினார்கள். எனக்குப் பெரிதாகப் பட்டது அதோடு வந்த இன்னொரு முடிவு: கருப்பு–சிவப்புக் கலம் இரும்புக்காலத்துக்கு முன்பே, புதிய கற்காலத்தின் பிற்பகுதியிலேயே இங்கு வந்துவிட்டது.

அந்தக் கருப்பு பூசிய வண்ணம் இல்லை. களிமண்ணில் உள்ள இரும்பு காற்றோட்டமாகச் சுட்டால் சிவக்கும். காற்றை அடைத்துப் புகையில் விட்டால் கருக்கும். புகைக்கரியும் மண்ணின் நுண்துளைகளில் இறங்கி உட்காரும். பானையைக் கவிழ்த்து, வாய்ப்பகுதி உமியில் புதையும்படி வைத்துச் சுட்டால் உள்பக்கமும் விளிம்பும் கருக்கும், வெளிப்பக்கம் சிவக்கும். அவ்வளவுதான் சூட்சுமம். செய்யப் போனால்தான் வம்பு.

ஏரி வண்டல் 3 பங்குக்குச் சலித்த ஆற்று மணல் 1 பங்கு. நம் பக்கத்து மண்ணில் சுக்கான்கல், அதாவது சுண்ணாம்புக் கட்டி, இருக்கும். மிளகளவு தங்கினாலும் போதும், சுட்டபின் ஈரக்காற்றைக் குடித்து உப்பி, சில நாளில் பானையின் தோலைச் சில்லாகத் தெறிக்க வைத்துவிடும். அதனால் மண்ணை நீரில் கரைத்து, கொசுவலைத் துணியில் வடிகட்டிய பிறகே பிசைய வேண்டும். ஒரு சாண் அகல வாயுள்ள கிண்ணத்துக்கு ஒன்றரைக் கிலோ மண் போதும். சுவர் கனம் 5, 6 மில்லிமீட்டர்.

வனைந்ததை நிழலில் காயவிட வேண்டும். நகம் பதிய வேண்டும், மண் ஒட்டக் கூடாது; அதுதான் பதம். அப்போது காவிமண் கரைசலின் மேல்தெளிவைப் பூசி, வழுவழுப்பான கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். ஈரம் அதிகமானால் தோல் உரியும், காய்ந்துவிட்டால் கீறல் விழும். அருங்காட்சியகப் பானைகளில் தெரிகிற மினுமினுப்பு இந்தத் தேய்ப்புதான், மெருகெண்ணெய் எதுவும் இல்லை. பிறகு குறைந்தது ஒரு வாரம் நிழல்.

சுடும் நாளில் முதலில் இரண்டு மணி நேரம் தணலுக்குப் பக்கத்தில் வைத்துச் சூடேற்ற வேண்டும். உள்ளே ஈரம் மிஞ்சியிருந்தால் 100 டிகிரியில் ஆவியாகிப் பானையை உடைத்துவிடும். அப்புறம் நான்கு விரல் உமி, மேலே கவிழ்த்த பானை, சுற்றிலும் வரட்டி, வைக்கோல், அதற்கு மேல் துளைவிட்டு மண்பூச்சு. 700 டிகிரிக்கு மேல் போனால் போதும். உமி எரிந்து தீர்ந்தபின் சூடு அடங்காமல் அடியில் காற்று புகுந்தால் ஏறிய கரி எரிந்து, கருப்பு திட்டுத்திட்டாக வெளுத்துவிடும். அடிக்கடி நடப்பது இதுதான். வரட்டி தணலானதும் அடியைச் சுற்றிச் சாம்பலைக் குவித்து அடைத்துவிடுங்கள். அவசரப்பட்டுச் சூளையைப் பிரிக்கவும் கூடாது: ஆறும்போது 573 டிகிரியில் மண்ணில் உள்ள மணல் சட்டென்று சுருங்கும், அந்த நேரத்தில் குளிர்காற்று பட்டால் விரிசல்தான்.

சிவக்கச் சுட்ட பானையைத் தணலோடு எடுத்து உமியில் கவிழ்த்தார்கள் என்றும் சொல்வார்கள். சிறு கிண்ணத்துக்கு அது சரிவரும். பெரிய கலங்களை அந்தச் சூட்டில் எதைக் கொண்டு தூக்குவது?

வெளிநாட்டிலும் இதே காற்று விளையாட்டுதான். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், சான் இல்டெஃபோன்சோ ஊர்க் குயவர் மரியா மார்டினெஸ் (1887–1980). அகழ்ந்தெடுத்த பழைய ஓடுகளைக் காட்டி, அதுபோல் செய்ய முடியுமா என்று தொல்லியலாளர் எட்கர் ஹெவெட் கேட்டதில் தொடங்கியது மரியாவின் ஆராய்ச்சி. மண்ணோடு எரிமலைச் சாம்பல், தேய்க்கக் கூழாங்கல், எரிக்க வரட்டி, கடைசியில் தீயை மூட்டமாக அமுக்கக் குதிரைச் சாணித்தூள். கணவர் ஜூலியன் மெருகின்மேல் மண் கரைசலால் கோலமிட்டார். கோலம் மங்கலாகவும் மற்ற இடம் பளபளப்பாகவும் வந்தது. இரண்டும் கருப்புதான்.

மெக்சிகோவின் ஒஹாக்கா பகுதியில் டோன்யா ரோசா என்ற குயவர் 1950-களில் இதே தேய்ப்பாலும் குறைந்த சூட்டாலும் மின்னும் கருப்பைக் கொண்டுவந்தார். கண்ணுக்கு அழகு, ஆனால் தண்ணீர் நிற்காது. கூடுதல் சூட்டில் வெந்த பழைய சாம்பல் நிறக் குடங்களில் நிற்கும். வாங்கிவந்து பூச்சாடியாக வைப்பவர்கள் கவனிக்கவும்.

லண்டனில் இருப்பவர்கள் பெட்ரி அருங்காட்சியகத்தில், அரசர் காலத்துக்கு முந்தைய எகிப்தின் கருவிளிம்புப் பானைகளைப் பார்க்கலாம். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள். வாயிலிருந்து கருப்பு எத்தனை விரல் இறங்கியிருக்கிறது என்று பாருங்கள்; கவிழ்த்துச் சுட்ட பானையானால் ஏறக்குறைய அவ்வளவு ஆழம்தான் அது உமியில் புதைந்திருந்தது.