கூம்பில்லாத எரிமலை: ரீயூனியன் தீவில் ஆறு நாட்கள்

இருபத்தெட்டு ஆண்டுகள் பள்ளியில் புவியியல் கற்பித்த நான், எரிமலைப் பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் ஒரே படத்தைத்தான் வரைந்திருக்கிறேன். ஒரு முக்கோணம், அதன் நடுவே ஒரு குழாய், உச்சியில் புகை. கேடய எரிமலை, கும்மட்ட எரிமலை, பல்சிட்டக் கூம்பு எரிமலை என்று வகைகளைத் தனித்தனியே விளக்கினாலும், பிள்ளைகளின் ஏட்டிலும் மனத்திலும் பதிந்தது அந்த முக்கோணம்தான். ஓய்வு பெற்ற பின் கடந்த சூலை மாதம் மகளுடன் இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்குச் சென்றபோது, மொரீசியசிலிருந்து புறப்பட்ட சிறிய விமானத்தின் சன்னல் வழியே முதன்முதலாக ஓர் உண்மையான எரிமலையைக் கண்டேன். அதில் முக்கோணம் எதுவும் இல்லை. மேகங்களுக்கு மேல் தெரிந்தது கவிழ்த்து வைத்த பெரிய தாம்பாளம் ஒன்றின் முதுகு.

அந்த முதுகின் பெயர் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ். உலைச் சிகரம் என்று தமிழில் சொல்லலாம். உயரம் 2,632 மீட்டர். அதற்கு வடமேற்கே 3,070 மீட்டர் உயரத்தில் நிற்பது, பல ஆயிரம் ஆண்டுகளாக அடங்கிக் கிடக்கும் பித்தோன் தெ நேழ், அதாவது பனிச் சிகரம். இவ்விரண்டு எரிமலைகளும் ஒட்டிப் பிறந்ததே ரீயூனியன். ஆனால் கடல்மட்டம் என்பது இங்கே ஏமாற்றும் கோடு. தீவைச் சுற்றியுள்ள கடலடி ஏறத்தாழ 4,000 மீட்டர் ஆழத்தில் இருப்பதால், அடிவாரத்திலிருந்து அளந்தால் இந்த மலை 7,000 மீட்டரை எட்டுகிறது. நாம் தீவு என்று அழைப்பது அதன் நுனியை மட்டும்தான்.

இவ்வளவு பெரிய மலை ஏன் கூம்பாக எழாமல் தாம்பாளமாகப் பரந்தது என்பதற்கு விடை அடுப்பங்கரையிலேயே இருக்கிறது. நீர்க்கக் கரைத்த மாவு கல்லில் தானாகப் பரவுகிறது. களியைக் கொட்டினால் கொட்டிய இடத்திலேயே குவிந்து நிற்கிறது. சிலிக்கா குறைந்த பசால்ட் குழம்பு நீர்த்தது. அதிலுள்ள வாயுக்கள் எளிதில் பிரிந்துவிடுகின்றன. குழம்பு வெகுதூரம் ஓடி, மெல்லிய அடுக்குகளாக உறைந்து, காலப்போக்கில் கேடய எரிமலையை எழுப்புகிறது. பிலிப்பைன்சின் மயோன் போன்ற கூம்பு மலைகளில் குழம்பு கெட்டியானது. அதற்குள் சிக்கிய வாயு இறுதியில் வெடித்தே வெளியேறும். சாம்பலும் கல்லும் குழம்பும் மாறி மாறிப் படிந்து செங்குத்தான சரிவுகள் உருவாகின்றன. நான் வரைந்த முக்கோணம் தவறன்று. ஆனால் எரிமலைகளில் ஒரு குடும்பத்துக்கு மட்டுமே அது பொருந்தும்.

இரண்டாம் நாள் விடியுமுன், எரிமலை ஆய்வகம் அமைந்திருக்கும் பூர் முரா என்னும் மேட்டுநில ஊரிலிருந்து காரில் புறப்பட்டோம். வெப்பமண்டலத் தீவு என்று எண்ணி வருபவர்கள் சூலை மாதத்தில் இங்கே கையுறை தேட வேண்டியிருக்கும். புல்வெளிகளில் உறைபனி வெளுத்திருந்தது. வழியில் கொமெர்சோன் என்னும் பழைய எரிமலைவாயின் விளிம்பில் சற்று நின்றோம். செங்குத்தான சுவர்களைக் கொண்ட அந்தக் குழிக்கு வேறொரு புகழும் உண்டு. 2007 பிப்ரவரியில் வந்த புயலின்போது இங்கே 72 மணி நேரத்தில் 3,930 மில்லிமீட்டர் மழை பதிவானது. அது உலகச் சாதனை. சென்னையில் இரண்டு ஆண்டுகளில் பெய்யும் மழையை விடவும் இது அதிகம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மலையின் மறுபாதியைப் புரிந்துகொள்ள அது தேவைப்படும்.

சிறிது தூரத்தில் சாலை ஒரு சரிவின் விளிம்புக்கு வந்து, கீழே மணல் சமவெளி விரிந்தது. மரமில்லை, புல்லில்லை, செங்கருமை நிறத்தில் எரிமலைச் சிட்டம் பரவிக் கிடக்கும் வெளி மட்டுமே. அதைக் கடந்தால் பா த பெல்கோம்ப் என்னும் பாறை விளிம்பு. அங்கு நின்று பார்த்தபோது பேச்சே எழவில்லை. கால்களுக்குக் கீழே நிலம் ஒரே வெட்டாக இறங்கி, கிழக்கே கடல் நோக்கித் திறந்த மாபெரும் குதிரை லாட வடிவப் பள்ளமாகக் கிடந்தது. அதன் நடுவே உலைச் சிகரத்தின் கரிய மேடு. எரிமலையின் மேற்பகுதியே சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உள்வாங்கியதால் உண்டான கால்டெரா இது. ஆங்க்ளோ ஃபூக்கே என்று பெயர். ஆங்க்ளோ என்றால் அடைப்பு. 17ஆம் நூற்றாண்டிலிருந்து பதிவான 150க்கும் மேற்பட்ட வெடிப்புகளில் மிகப் பெரும்பாலானவை இந்த அடைப்புக்குள்ளேயே நிகழ்ந்ததால்தான், அடிக்கடி குமுறும் மலையை அருகில் வைத்துக்கொண்டு மக்கள் அச்சமின்றி வாழ முடிகிறது. குமுறலுக்கான அறிகுறி தெரிந்தால் உள்ளே இறங்கும் பாதையின் கதவை மூடிவிடுகிறார்கள்.

நாங்கள் சென்ற நாளில் கதவு திறந்திருந்தது. பாறைச் சுவரில் வெட்டிய ஏறத்தாழ 500 படிகளில் இறங்கினால், அடியில் ஒரு சிறு செந்நிறக் கூம்பு வரவேற்கிறது. ஃபொர்மிக்கா லியோ என்று பெயர். லத்தீனில் அது குழியானையைக் குறிக்கும் சொல். சிறு வயதில் திண்ணையோர மணலில் குழியானைக் குழிகளைக் கிளறி விளையாடிய எவரும் அந்தப் பெயரின் பொருத்தத்தை உடனே உணர்வார்கள். 1753இல் ஏற்பட்ட வெடிப்பில், குழம்பு நீரூற்றைப் போலப் பீறி, காற்றிலேயே உறைந்து, துளைகள் நிறைந்த சிட்டக்கற்களாக வாயைச் சுற்றி விழுந்து குவிந்தது. அதுவே தழல் கூம்பு. பெரும்பாலான தழல் கூம்புகள் ஒரே முறை எரிந்து ஓய்ந்துவிடுபவை. கேடயத்தின் முதுகில் கூம்புகளும் முளைக்கும் என்பதை, வகைகளைத் தனித்தனிப் பெட்டிகளில் அடைத்துப் பாடம் நடத்திய எனக்கு இந்தச் சிறு குன்று கற்பித்தது.

அதற்கப்பால் பாதை என்று ஒன்று இல்லை. உறைந்த லாவாவின் மேல் தீட்டியிருக்கும் வெள்ளைப் புள்ளிகளைப் பின்தொடர்ந்து நடக்க வேண்டும். ஓரிடத்தில் பாறை கயிறுகளைச் சுருட்டி வைத்ததுபோல் வழவழப்பாக மடிந்து கிடக்கிறது. அடுத்த இடத்தில் உழுத கரிசலைப் போல் கூரிய கட்டிகளாகச் சிதறிக் கிடக்கிறது. முதலாவதை அவாய் மொழியில் பாஹோயிஹோயி என்றும், இரண்டாவதை ஆஆ என்றும் உலகெங்கும் அழைக்கிறார்கள். இத்தீவினர் இரண்டாவதைக் கிராத்தோன் என்கிறார்கள். குழம்பு ஒன்றே, குளிர்ந்து கெட்டியாகும் வேளையில் அது ஓடிய வேகமும் சரிவும்தான் வேறு.

மூன்று மணி நேர நடைக்குப் பின் டோலோமியூ பெருவாயின் விளிம்பை அடைந்தோம். ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள குழி. அதன் அடி 300 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. 2007 ஏப்ரலுக்கு முன் இந்த இடம் பெரும்பாலும் லாவா நிரம்பிய தளமாக இருந்தது. அந்த மாதத்தில் கிழக்குச் சரிவில் கடலுக்கு நெருக்கமாக ஒரு பிளவு திறந்து, மலையின் உள்ளிருந்த மாக்மா பெருமளவில் அதன் வழியே வடிந்துவிட்டது. தாங்கி நின்ற குழம்பு போனதும் உச்சி சில நாட்களில் படிப்படியாக உள்ளே சரிந்தது. இந்தப் பள்ளத்தைத் தோண்டியது வெடிப்பு அன்று. கீழே ஏற்பட்ட வெற்றிடம். பத்து மணிக்கெல்லாம் மேகம் ஏறிவிட, குழியின் மறுகரை கண்ணிலிருந்து மறைந்தது. விளிம்பில் அமர்ந்து, சுவரிலிருந்து கற்கள் உருளும் ஓசையை மட்டும் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாளும் நான்காம் நாளும் கிழக்குக் கடற்கரையில் கழிந்தன. கால்டெரா கடலில் முடியும் இந்தப் பகுதிக்குக் கிராண் புரூலே, அதாவது பெரிய எரிந்த நிலம், என்று பெயர். நெடுஞ்சாலை ஒவ்வொரு லாவா ஓட்டத்தையும் கடக்கும் இடத்தில் அதன் ஆண்டைக் குறித்த பலகை நிற்கிறது. அண்மைய ஓட்டம் கன்னங்கரேலென்று இருக்கிறது. சற்றுப் பழையதன் மேல் சாம்பல் நிறப் பாசிக்காளான் படர்ந்து வெள்ளி மினுங்குகிறது. அதற்கும் முந்தியதில் பெரணிகள். இன்னும் முந்தியதில் அடர்ந்த காடு. காரை மெதுவாக ஓட்டினாலே ஒரு பாறை மண்ணாகும் வரலாற்றை வரிசையாகப் படித்துவிடலாம். 2007இல் சாலையை மூடிக் கடலுக்குள் பாய்ந்த ஓட்டத்தால் தீவுக்குப் புதிய நிலம் கிடைத்தது. அங்குள்ள கரிய மணலைக் கையில் அள்ளினால் பச்சைப் பொடிகள் மின்னுகின்றன. அவை ஒலிவின் என்னும் கனிமம். ஆழத்தில் மாக்மா மெல்லக் குளிரத் தொடங்கும்போது முதலில் படிகமாவது அதுதான்.

2004இல் ஓடிய லாவாவுக்குள் இருக்கும் குகைக்கு எங்களை அழைத்துச் சென்ற வழிகாட்டி தம்மை மல்பார் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்களின் வழித்தோன்றல்களை இங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். அவருக்குத் தமிழ் பேச வரவில்லை. ஆனால் தீமிதிக்கு முன் காக்கும் விரதத்தைப் பற்றி அவர் சொன்னவை எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில் நான் கண்டவையே. மகள் மொழிபெயர்க்க, அவருக்கு நானும் ஒன்றைச் சொன்னேன். இந்தத் தீவை இன்று எரியவைக்கும், நிலத்தின் ஆழத்திலிருந்து மாக்மாவை மேலே அனுப்பும் வெப்ப ஊற்றே, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் அடியில் இருந்தது என்றும், அப்போது நீண்ட பிளவுகள் வழியே பொங்கிய லாவாதான் மகாராட்டிரத்தைச் சூழ்ந்த தக்காணப் பாறைப் படிக்கட்டுகளாக இன்றும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் நிலைத்திருக்கிறது என்றும் நிலவியலாளர்கள் கருதுகிறார்கள். நிலத்தட்டு வடக்கே நகர நகர, அது கடந்து சென்ற தடத்தில் இலட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் ஆகியவற்றின் அடித்தளங்கள் எழுந்தன, பின்னர் மொரீசியசு, இறுதியாக ரீயூனியன். அவர் சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டு, குகைச் சுவரை உள்ளங்கையால் இருமுறை தட்டினார்.

அந்தக் குகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓடும் லாவாவின் மேற்பரப்பு காற்றில் உறைந்து கூரையாகிவிட, உள்ளே வெப்பம் காக்கப்பட்ட குழம்பு கீழ்நோக்கித் தொடர்ந்து ஓடுகிறது. ஊற்று நின்றதும் எஞ்சியது வடிந்து, வெற்றுக் குழாய் மிஞ்சுகிறது. தலைக்கு மேல் பாறையே உருகிச் சொட்டி நின்ற துளிகள். பக்கங்களில் குழம்பின் மட்டம் படிப்படியாக இறங்கிய கோடுகள். வெப்பத்தை இழக்காமல் லாவாவைத் தொலைவுக்குக் கொண்டுசேர்ப்பவை இத்தகைய குழாய்களே. கேடய எரிமலைகள் அவ்வளவு தட்டையாகப் பரவுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வடக்கே உள்ள பித்தோன் சேந்த் ரோஸ் ஊரில், அடைப்புக்கு வெளியே திறந்த பிளவிலிருந்து 1977 ஏப்ரலில் லாவா வந்தது. மக்கள் முன்பே வெளியேறியிருந்தனர், வீடுகள் எரிந்தன, உயிர்ச்சேதம் இல்லை. தேவாலயத்தின் வாசலுக்குள் நுழைந்த குழம்பு அங்கேயே உறைந்துவிட, கட்டடம் இன்றும் நிற்கிறது. லாவாவின் அன்னை ஆலயம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். சுவரை அணைத்தபடி கிடக்கும் அந்தக் கருங்கட்டிகளின் மேல் எவரோ மலர் வைத்திருந்தார்கள்.

எனினும் பயணத்தில் நான் மிகவும் எதிர்பார்த்தது கடைசி இரண்டு நாட்களை. வெடிக்கும் மலையைக் காணப் பலர் வருகிறார்கள். எனக்கோ அடங்கிய மலையைக் காண வேண்டியிருந்தது. சிலாவோசுக்கு ஏறும் சாலையில் 400 வளைவுகள் என்பார்கள். மஃபாத், சலாஸி, சிலாவோஸ் ஆகிய மூன்று பெரும் கிண்ணப் பள்ளத்தாக்குகள் பனிச் சிகரத்தைச் சுற்றி அமைந்துள்ளன. அவை எரிமலைவாய்கள் அல்ல. நிலச்சரிவும், கொமெர்சோனில் கண்ட அந்த மழையும் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பழைய எரிமலையைக் குடைந்து எடுத்த பள்ளங்கள். ஆயிரம் மீட்டர் உயரச் சுவர்களில் எரிமலையின் உட்புறம் திறந்து கிடக்கிறது. அங்கேதான் வெளியே வராத மாக்மாவைப் பார்க்கலாம்.

அடுக்கடுக்கான லாவாப் படிவுகளைக் குறுக்கே வெட்டி, மதில்போல் மேலெழும் பாறைத் தகடுகளே டைக்குகள். பிளவில் ஏறிய மாக்மா மேற்பரப்பை எட்டும் முன்னரோ, எட்டிய பின்னரோ அதற்குள்ளேயே உறைந்து நின்ற சுவர்கள் அவை. சுற்றியுள்ள பாறை விரைவாக அரிபடும் இடங்களில் அவை தனித்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. அடுக்குகளுக்கு இடையே பக்கவாட்டில் நுழைந்து படுத்தவை சில்கள். இவற்றுக்கும் கீழே மாக்மா அறைகள். கிராண் புரூலேயில் 1980களில் புவிவெப்ப ஆற்றலைத் தேடி மூன்று கிலோமீட்டர் ஆழம் துளையிட்டபோது காப்ரோ, டியூனைட் போன்ற ஆழ்நிலைப் பாறைகள் கிடைத்தன; அவை ஒரு பழைய எரிமலையின் உறைந்த அறை.

சிலாவோசில் இன்றும் வெந்நீர் ஊற்று இருக்கிறது. அங்கிருந்து கீழே ஓடைவரை நடந்தபோது, பாதையோரம் தோளுயர டைக் ஒன்று குறுக்கிட்டது. என் இரு கைகளையும் விரித்தால் அடங்கும் அகலம். நடுவில் படிகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரியவை. விளிம்பை நோக்கிச் செல்லச் செல்லப் பொடிந்து, பக்கத்துப் பாறையைத் தொடும் இடத்தில் விரல் அகலத்துக்குக் கருங்கண்ணாடிபோல் வழவழப்பு. சூடான குழம்பு குளிர்ந்த பாறையைத் தொட்ட நொடியில், படிகம் வளர நேரமின்றி உறைந்த விளிம்பு அது. மகள் ஓடையைப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். நான் அந்த விரல் அகலக் கோட்டை மேலும் கீழுமாகத் தடவிப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன்.