12 தாள்களையும் ஏற்றார்கள், 4 தாள்கள்தான் கணக்கில் வந்தன

படிப்பின் நடுவில் மாற விண்ணப்பித்திருந்த பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்த அன்று முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். "தாங்கள் சமர்ப்பித்த 12 தாள்களும் ஏற்கப்பட்டுள்ளன" என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். இரண்டு ஆண்டு பிரெஞ்சுப் படிப்பு வீண்போகவில்லை என்று நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் காலையில்தான் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினேன். 12 தாள்களின் பெயர்களும் அட்டவணையாக இருந்தன. வலது ஓரத்தில், எந்தப் பிரிவில் சேர்க்கப்படுகிறது என்று ஒரு கட்டம். நான்கு தாள்களுக்கு எதிரே "முதன்மைப் பாடம்". மீதி எட்டுக்கும் "பொது விருப்பப் பாடம்".

இப்போது எல்லாம் முடிந்துவிட்டது. அந்த எட்டில் நான்கை மீட்டிருக்கிறேன். அதற்கு மூன்று மாதமும் மூன்று நீண்ட பயணங்களும் ஆயின. மொழிப் படிப்பின் நடுவில் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறப்போகிறவர்கள் இவ்வளவு அலையாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். விண்ணப்பம், கட்டணம், சேர்க்கை ஆணை எல்லாம் சிக்கலில்லாமல் நடந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, தாளை ஏற்பது ஓர் அலுவலகம், அதைப் பட்டத்தின் கணக்கில் சேர்ப்பது இன்னோர் அலுவலகம் என்பதை. சேர்க்கைப் பிரிவு பார்ப்பது மூன்றே விஷயங்கள்: படித்த இடம் அங்கீகாரம் பெற்றதா, தேர்ச்சி உண்டா, கிரெடிட் (தாளின் படிப்பு அளவைக் காட்டும் புள்ளி) எத்தனை. அது சரியாக இருந்தால் ஏற்றுவிடுவார்கள். அந்தத் தாள் தங்களுடைய எந்தத் தாளுக்கு ஈடானது என்று முடிவுசெய்வது மொழித்துறை. ஈடு கிடைக்காத தாள் விருப்பப் பாடத்தில் போய் விழும். விருப்பப் பாடத்துக்கு ஓர் உச்சவரம்பு இருக்கும். எட்டுத் தாள்கள் அங்கே குவிந்தால் வரம்பைத் தாண்டியவை சான்றிதழில் வெறும் எண்ணாக நிற்கும். முதல் பக்கத்தில் இருக்கும் "ஏற்கப்பட்டது" என்ற சொல்லை நம்பி யாரும் பழைய இடத்திலிருந்து விலகிவிடாதீர்கள். எந்தப் பிரிவில் சேர்க்கிறார்கள் என்பதைத் துறையிடமிருந்து எழுத்தில் வாங்கிய பிறகு மாற்றுச் சான்றிதழுக்கு எழுதிக்கொடுங்கள்.

துறையில் விசாரித்தபோது காரணம் தெரிந்தது. என் மதிப்பெண் பட்டியலில் "பிரெஞ்சு 3", "பிரெஞ்சு 4" என்றுதான் இருக்கிறது. அதை வைத்து என்ன படித்தேன் என்று யாருக்குத் தெரியும்? பாடத்திட்டம் இணைத்திருந்தேனே என்றேன். மாணவர் ஆலோசகர் அதை எடுத்துக் காட்டினார். நான் இணையத்திலிருந்து இறக்கிக் கொடுத்தது திருத்தப்பட்ட புதிய பாடத்திட்டம். நான் சேர்ந்த ஆண்டில் நடைமுறையில் இருந்தது வேறு. மேல் மூலையில் ஆண்டு தெளிவாக அச்சாகியிருந்தும் நான் கவனிக்கவில்லை. "நீங்கள் படித்த ஆண்டின் பாடத்திட்டம் வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் துறையின் முத்திரை இருக்க வேண்டும். கடிதம் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும்" என்றார். அதில் ஒன்பது நாள் ஏற்கெனவே போயிருந்தது.

பழைய பல்கலைக்கழகத்துக்கு பஸ்ஸில் ஐந்து மணி நேரம். முதல் பயணத்தில் அலுவலக எழுத்தர் தலையை நிமிர்த்தாமலே, "எல்லாம் இணையத்தில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். அது புதியது, எனக்குப் பழையது வேண்டும் என்று விளக்கினேன். "பழையது இப்போது நடைமுறையில் இல்லை. நடைமுறையில் இல்லாததற்கு முத்திரை போட முடியாது." இந்தப் பதிலை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அந்தப் பாடத்திட்டத்தில்தான் நான் படித்தேன், அதில்தான் இவர்களே தேர்வு நடத்தினார்கள், இவர்களேதான் மதிப்பெண்ணும் போட்டார்கள். சத்தியத்தைச் சொல்வதற்கு முத்திரை இல்லை என்றால் மாணவர் எங்கே போவது? வாதாடிப் பார்த்தேன். நான்கு மணிக்குக் கவுன்ட்டரை மூடிவிட்டார்கள்.

இரண்டாம் முறை நேராகத் துறைக்குப் போனேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். பாடத்திட்டம் துறையின் சொத்து. அலுவலகத்தில் கேட்பது வீண். துறைத் தலைவர் பொறுமையாகக் கேட்டு, சான்றளித்துத் தருவதாக உடனே ஒப்புக்கொண்டார். ஆனால் பழைய பிரதி யாரிடமும் இல்லை. துறை நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாதான், "கல்விக்குழுக் கூட்டத்துக்கு அனுப்பிய கட்டு ஒன்று கிடக்குமே" என்று எழுந்துபோனார். அரை மணி நேரம் கழித்து, சணல் கயிற்றால் கட்டிய ஒரு கட்டைத் தூசி தட்டிக்கொண்டே கொண்டுவந்து வைத்தார். என் ஆண்டு அதில் இருந்தது. 34 பக்கங்கள். படியெடுத்தேன், தலைவர் கையெழுத்திட்டார். முத்திரை இருந்த மேசை இழுப்பறையின் சாவி விடுப்பில் போன ஒருவரிடம் இருந்தது. கையெழுத்தோடு திரும்பி வந்தேன்.

மூன்றாம் முறை போகும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போனேன். முத்திரை கிடைத்தது. மைத்தட்டு காய்ந்திருந்தது. பத்துப் பக்கங்கள் வரை நன்றாகப் பதிந்தது, அதன் பிறகு வட்டத்தின் ஓரம் மட்டும் தெரிந்தது. 19ஆம் பக்கத்தில் ஒன்றுமே விழவில்லை. உதவியாளர் புரட்டிக்கொண்டே போனார். நிறுத்தி, மறுபடி போடச் சொல்லிக் கேட்டேன். அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பக்கத்து அறையிலிருந்து மை வாங்கிவந்து 11ஆம் பக்கத்திலிருந்து மறுபடி போட்டுக் கொடுத்தார். புதிய துறையில் ஆலோசகர் 34 பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தபோது அந்த உதவியாளருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

உறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மதிப்பெண் பட்டியலை அரக்கு முத்திரையிட்ட உறையில் கொடுத்தார்கள். பெயர் எழுத்துப்பிழையில்லாமல் இருக்கிறதா என்று பார்க்க, வீட்டில் அதைப் பிரித்துவிட்டேன். பிரித்த உறை செல்லாது. இன்னொன்றுக்குப் பணம் கட்டிக் காத்திருந்தேன். உங்களுக்கென்று ஒரு பிரதி தனியாக வாங்கிக்கொண்டு, மூடிய உறையை மூடியபடியே கொண்டுபோய்க் கொடுங்கள்.

இதற்கிடையே, எந்த நிலை மொழி வகுப்பில் சேர வேண்டும் என்று முடிவுசெய்யும் படிநிலைத் தேர்வு வந்தது. என்னிடம் டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித்திறன் தேர்வின் இடைநிலையான பி1 சான்றிதழ் இருந்தது. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25 மதிப்பெண், மொத்தம் 100க்கு 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எதிலும் 5க்குக் கீழே போகக்கூடாது. அதற்குக் காலாவதி கிடையாது, வாழ்நாள் முழுவதும் செல்லும். அதனால் படிநிலைத் தேர்விலிருந்து விலக்குக் கிடைக்கும் என்று நினைத்தேன். கிடைக்கவில்லை. சான்றிதழை வைத்து, பட்டத்துக்குத் தேவையான அடிப்படை மொழித்தகுதியிலிருந்து மட்டும் விலக்குத் தந்தார்கள். விலக்குத் தருவதால் கிரெடிட் வராது. கிரெடிட்டும் படிநிலையும் தனித்தனியே பெற வேண்டியவை. ஜப்பானிய மொழி படிக்கும் தோழிக்கும் இதே கதைதான். அவள் எழுதிய ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித்திறன் தேர்வில் பேச்சுக்கும் எழுத்துக்கும் பகுதியே கிடையாது. அதனால் துறை அவளைக் காகிதத்தில் எழுத வைத்துப் பார்த்தது.

எனக்கு வாய்மொழித் தேர்வு. இந்த ஆண்டு என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று கேட்டார்கள். "நான் போக வேண்டும்" என்பதற்கு "இல் ஃபோ கெ ஜெ வே" என்று தொடங்கிவிட்டேன். "இல் ஃபோ கெ" என்பதற்குப் பின்னால் வினை, தேவையையும் விருப்பத்தையும் சொல்லும் சப்ஜங்க்டிவ் வடிவில் வர வேண்டும், "கெ ஜாய்" என்று. பன்னிரண்டு மாதம் அதைத்தான் பயின்றிருந்தேன். உடனே திருத்திச் சொன்னேன், ஆனாலும் எதிரே இருந்தவர் பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். என்னை நான்காம் படிநிலையில் போட்டார்கள்.

ஒரு வகுப்பு கீழே போவதில் பெரிய நஷ்டமில்லை என்று பதிவுப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். எனக்கு முந்தைய ஆண்டு மாறி வந்த அக்கா ஒருவர் விதிக் கையேட்டைப் பிரித்து ஒரு வரியில் விரலை வைத்தார். மாற்றி வந்த தாளுக்கு ஈடான தாளை இங்கே மறுபடி எடுத்தால், மாற்றி வந்த கிரெடிட் ரத்தாகும். நான்காம் படிநிலையில் சேர்ந்திருந்தால், நான் மீட்கப் போராடிக்கொண்டிருந்த "பிரெஞ்சு 4" அந்த நிமிடமே போயிருக்கும். பதிவு செய்யச் சொன்ன ஆலோசகர் இதைச் சொல்லவே இல்லை. ஐந்தாம் படிநிலை ஆசிரியரிடம் போய் என் பழைய கட்டுரைகளைக் காட்டி, இரண்டு வாரம் வகுப்பில் உட்கார்ந்து, அனுமதிக் கையெழுத்து வாங்கினேன். மொழி மாணவர்கள் எல்லோரும் இந்த ஒரு விதியைப் பதிவு செய்யும் முன் தேடிப் படியுங்கள்.

இனி மேல்முறையீடு. "பிரெஞ்சு 3", "பிரெஞ்சு 4", இலக்கிய வரலாறு மூன்றும் முத்திரையிட்ட பாடத்திட்டத்தாலேயே தேறிவிட்டன. ஒலியியல் தாள்தான் இழுத்தது. பாடத்திட்டத்தில் அதற்கு நான்கே வரிகள். அப்போது எனக்கு ஆய்வுக்கூடக் குறிப்பேடு நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு உயிரொலிக்கும் உதடும் நாக்கும் நிற்கும் நிலையைப் பென்சிலால் வரைந்து, என் உச்சரிப்பைப் பதிவுசெய்து கேட்டு, எங்கே தவறினேன் என்று நாள்வாரியாக எழுதிய நோட்டு. பேராசிரியர் அதை மெதுவாகப் புரட்டினார். 'ஊ' போல உதட்டைக் குவித்துக்கொண்டு நாக்கை 'ஈ'யில் வைக்கும் அந்த ஒலிக்கு நான் ஆறு பக்கம் செலவழித்திருந்தேன். அங்கே நிறுத்தினார். என்னைப் பார்த்து, "சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். தாளை முதன்மைப் பாடத்தில் சேர்க்கும்படி எழுதிக் கையெழுத்திட்டார். அந்த மூன்று மாதத்தில் நான் மனம் நிறைந்து வெளியே வந்த ஒரே அறை அதுதான். நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

கைவிட்டவை நான்கு. தொடக்கநிலையான "பிரெஞ்சு 1", "பிரெஞ்சு 2" முதன்மைப் பாடத்தில் சேராது. மொழித்துறைகளில் பெரும்பாலும் அப்படித்தான், அதில் எனக்கு வருத்தமில்லை. சுற்றுலாப் பிரெஞ்சு தொழிற்கல்வி என்று ஒதுக்கப்பட்டது. மொழிபெயர்ப்புத் தாள் போனதுதான் வலிக்கிறது. தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் இடையே மொழிபெயர்த்த தாள் அது. இங்கே துறையில் தமிழ் தெரிந்தவர் இல்லாததால் மதிப்பிட ஆளில்லை என்றார்கள். இரண்டு ஆண்டுகளில் நான் மிகவும் உழைத்த தாள். கேட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை.

கிரெடிட் எண்ணிக்கையையும் கவனியுங்கள். என்னோடு மாறி வந்த மாணவர் ஒருவர் ஐரோப்பிய முறையில் படித்தவர். அங்கே ஓராண்டுக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட் என்பது வீட்டுப் படிப்பும் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அவருடைய 6 கிரெடிட் தாளை இங்கே பாதியாக்கி 3 என்று எழுதினார்கள். ஈடான தாளோ 4 கிரெடிட். எட்டுத் தாளில் எட்டுக் கிரெடிட் குறைந்து, அவர் இரண்டு தாள்கள் கூடுதலாகப் படிக்கிறார். இதோடு இன்னொரு விதியும் சேரும்: உயர்நிலைத் தாள்களில் ஒரு பங்கைப் பட்டம் தரும் இடத்திலேயே படித்திருக்க வேண்டும். எனவே கடைசி ஆண்டுக்கு நெருக்கத்தில் மாறுவது எல்லாவற்றையும் விடக் கடினம்.

அடுத்த வாரம் என் பழைய துறையிலிருந்து ஒரு தங்கை மாறி வருகிறாள். நூலகத்து அம்மாவைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது அலமாரி, கீழ்த்தட்டு, சணல் கட்டு. மைத்தட்டு ஒன்றும் கையோடு எடுத்துப்போகச் சொன்னேன்.