கொயினா வளையம்

எங்கள் தாத்தா நீலகிரி நடுவட்டத்தில், மலேரியா மருந்தான கொயினா (குயினின்) எடுக்கும் சிங்கோனா மரத்தின் பட்டை உரித்தவர். யாராவது முகத்தைச் சுளித்தால் "என்ன, கொயினா குடிச்ச மூஞ்சி?" என்பார். எனக்கு எட்டு வயதிருக்கும்போது வேலியோர மரத்திலிருந்து நகத்தளவு பட்டையைக் கிள்ளி வாயில் போட்டுவிட்டார். அந்தக் கசப்பு காதுமடல் வரை ஏறியது. வெல்லம் தின்றும் சாயங்காலம் வரை போகவில்லை.

1860-களில் மார்க்கம் என்ற ஆங்கிலேயரின் ஏற்பாட்டில் தென் அமெரிக்காவிலிருந்து வந்த சிங்கோனாவின் வம்சம் அது. நட்டு வளர்த்த மெக்கைவர், பட்டை உரித்த இடத்தில் பாசி வைத்துக் கட்டுவாராம். புதுப் பட்டை வரும், மரமும் சாகாது.

அந்தக் கொயினாவின் நடு எலும்புதான் குயினோலின். ஆறு கார்பன் கொண்ட பென்சீன் வளையமும், அதில் ஒரு கார்பனுக்குப் பதில் நைட்ரஜன் உட்கார்ந்த பிரிடின் வளையமும் ஒரு பக்கத்தைப் பங்கு போட்டு ஒட்டிக்கொண்டவை: 9 கார்பன், 7 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன். 1834-இல் ரூங்கே என்ற வேதியியலாளர் இதை நிலக்கரித் தாரிலிருந்து எண்ணெயாகப் பிரித்தார். எட்டு வருஷம் கழித்து ஜெரார் (Gerhardt) என்ற இன்னொரு வேதியியலாளர், சிங்கோனா சரக்கைக் காரத்தோடு காய்ச்சி வடித்தார். அதிலும் இதே எண்ணெய். கரித் தாருக்கும் எங்கள் மலை மரத்துக்கும் இப்படி ஓர் உறவு!

எம்.எஸ்ஸி.யில் ஸ்க்ரௌப் என்பவரின் முறையில் குயினோலினை நானே செய்தேன். அனிலின், கிளிசரின், நைட்ரோபென்சீன், கந்தக அமிலம். கூடவே கொதியை அடக்க அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்). அன்னபேதியை எடை போட்டுத் தாளில் மடித்து வைத்தேன். போட மறந்தேன். அடுப்பை அணைத்த பிறகும் குடுவை அடங்கவில்லை. சரக்கு, ஆவியைக் குளிரவைக்கும் கண்டன்சர் வழியாக எகிறிக் கூரையில் கறுப்பு வட்டம் போட்டது. கிளிசரினிலிருந்து கிளம்பும் அக்ரோலின் புகையில் வகுப்பே கண்ணீர் விட்டது. குயினோலின் வாடையோ என் ஸ்வெட்டரை விடவில்லை. துவைத்துப் போட்டால் ஊட்டியில் ஜூலையில் எது காய்கிறது?

மலேரியா மருந்துகளான குளோரோகுயின், பிரைமாகுயின் எல்லாவற்றிலும் இதே இரட்டை வளையம். மலேரியாக் கிருமி நம் ஹீமோகுளோபினைத் தின்று, மிஞ்சும் ஹீம் என்ற நஞ்சைப் படிகமாக்கி ஒதுக்கி வைக்கும். குளோரோகுயின் அந்த ஒதுக்கலைத் தடுத்துவிடும். கிருமி தின்ற சோறே அதற்கு விஷம். (கரைசலிலுள்ள அலுமினியத்தைப் படிய வைக்க லேபில் ஊற்றுகிறோமே ஆக்சின், அதுவும் குயினோலின் வீட்டுப் பிள்ளைதான்.)

போன மாதம் அண்ணன் மகன், கொயினா சேர்த்த பானமான டானிக் வாட்டர் வாங்கி வந்தான். விளக்கை அணைத்துவிட்டு, கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சை அடித்தேன். டம்ளர் முழுக்க நீலம், மண்ணெண்ணெய் ஸ்டவ் சுடர் மாதிரி.

"அத்தை, இது தாத்தாவோட மரமா?"

"மரத்துல இருக்கிறதுதான்."

ஒரு கரண்டி கல்லுப்பு போட்டுக் கலக்கச் சொன்னேன். உப்பிலுள்ள குளோரைடு அந்த ஒளியை விழுங்கிவிடும். நீலம் மங்கி மங்கிப் போனது. அவன் ஒரு வாய் குடித்துப் பார்த்தான். தாத்தா சொன்ன அதே மூஞ்சி.