ரீஃபண்டில் விழுந்த வெட்டு

அமெரிக்காவில் வரிக்கணக்கு தயாரித்துத் தரும் வேலையில் இருப்பவர்களுக்கு ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் 15 வரை மூச்சுவிட நேரம் இருக்காது. நியூ ஜெர்சியில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு டெலிவரி ஓட்டுபவர்கள், உணவகச் சமையல்காரர்கள், கடை ஊழியர்கள்தான் அதிகம் வருவார்கள். 2014-க்குப் பிறகு அவர்கள் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்டாக வேண்டியிருந்தது: வருடம் முழுக்க மருத்துவக் காப்பீடு இருந்ததா?

கம்பெனி வழியாகக் காப்பீடு உள்ளவர்கள் "இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். இல்லாதவர்களுக்கு, ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டமான ஒபாமாகேர்படி அபராதம் இருந்தது என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது.

எங்கள் மென்பொருளில் ரீஃபண்ட், அதாவது கூடுதலாகப் பிடித்த வரியில் திரும்பி வரும் தொகை, திரையின் மேல் மூலையிலேயே தெரிந்துகொண்டிருக்கும். வந்தவரின் கண்ணும் அங்கேயேதான் இருக்கும். 2016-ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். தனி ஆள், வருமானம் 40,000 டாலர். அதில் வரிக்கணக்கு தாக்கல் செய்வதற்கான வரம்பான 10,350-ஐக் கழித்து, மீதியில் இரண்டரை சதவீதம் போட்டால் 741 டாலர். குறைந்தபட்ச அபராதமான 695-ஐவிட இது அதிகம் என்பதால் இதுதான் கணக்கில் ஏறும். காப்பீடு இல்லை என்று பதிந்ததும் மூலையில் இருக்கும் தொகை சட்டென்று இறங்கும். "நான் ஆஸ்பத்திரிப் பக்கமே போகலையே, எதுக்கு ஃபைன்?" என்ற கேள்வி அப்போதுதான் வரும்.

நோயாளிகளைச் சேர்க்க மாட்டோம் என்று காப்பீட்டு நிறுவனங்கள் இனிச் சொல்ல முடியாது, அதனால் நல்ல உடம்போடு இருப்பவர்களும் சேர்ந்தால்தான் பிரீமியம் கட்டுக்குள் நிற்கும் என்று விளக்குவேன். முதல் பாதியை எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். யார் வீட்டிலாவது சர்க்கரையோ இதய நோயோ இருக்கத்தானே செய்கிறது. இரண்டாம் பாதிக்கு வந்ததும் முகம் மாறிவிடும். நாடு முழுக்க எடுத்த கருத்துக்கணிப்புகளிலும் இதே கதைதான்.

அவர்கள் பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும். அதே 40,000 டாலர் சம்பளக்காரர் நடுத்தரமான சில்வர் திட்டத்தில் சேர்ந்தால், அரசு மானியம் கிடைத்தாலும் அப்போது மாதம் சுமார் 320 டாலர் வரை கட்ட வேண்டியிருந்தது. வாடகையும் கார் தவணையும் போக அதற்கு எங்கே போவார்? மலிவான 'பிரான்ஸ்' (Bronze, வெண்கலம்) திட்டமே வருமானத்தில் 8 சதவீதத்தைச் சற்றுத் தாண்டினால் அபராதத்திலிருந்து விலக்கு இருந்தது. காப்பீடு இல்லாத இடைவெளி மூன்று மாதத்துக்குள் இருந்தாலும் விலக்குதான். இதெல்லாம் வருபவர்களுக்குத் தெரியாது. விலக்கு கேட்பதற்கான 8965 படிவத்தை எடுத்துவைத்து ஒவ்வொரு விலக்காகத் தேடிப் பார்ப்பது அப்போது எங்கள் வேலையில் பெரிய பங்காக இருந்தது. வேலை மாறிய இடைவெளியில் இரண்டு மாதம் காப்பீடு இல்லாமல் இருந்த ஒரு சமையல்காரருக்கு விலக்கு கிடைத்ததும், திரையில் தொகை பழையபடி ஏறியது. எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு இன்றும் ஆறாதது வேறொன்று. இந்த அபராதத்துக்காக அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். யாருடைய சொத்தையும் வங்கிக் கணக்கையும் முடக்கக் கூடாது, யாரையும் சிறைக்கு அனுப்பவும் கூடாது என்று சட்டத்திலேயே இருந்தது. ரீஃபண்ட் வர வேண்டியிருந்தால் அதில் பிடித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ரீஃபண்டை நம்பி இருப்பது யார்? வாரச் சம்பளத்தில் வரி பிடிக்கப்பட்ட கூலிக்காரர்கள். ரீஃபண்டே வராதபடி கணக்கை அமைத்துக்கொள்ளத் தெரிந்தவர் கட்டாமல் இழுத்தடிக்கலாம். 2012-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று இது செல்லும் எனத் தீர்ப்புச் சொன்னது, சரி. ஆனால் வசூலான விதம் நியாயமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

2019 முதல் மத்திய அரசின் அபராதம் பூஜ்யம் ஆனது. அதே வருடம் நியூ ஜெர்சி தன் சொந்த அபராதத்தைக் கொண்டுவந்தது. "ட்ரம்ப்தான் எடுத்துட்டாரே, இன்னும் எதுக்கு?" என்று இன்றும் கேட்கிறார்கள். ஆற்றைத் தாண்டினால் பென்சில்வேனியாவில் கிடையாது, அதனால் எரிச்சல் இன்னும் கூடுகிறது. ஆனால் இங்கே வசூலாகும் பணம் காப்பீட்டு நிறுவனங்களின் பெரிய மருத்துவச் செலவில் பங்கேற்று பிரீமியத்தைக் குறைப்பதற்கான மறுகாப்பீட்டு நிதிக்குப் போகிறது என்று சொன்னால் கொஞ்சம் நின்று கேட்கிறார்கள். முன்பு மத்திய அரசு பிடித்த பணம் பொதுக் கருவூலத்துக்குப் போனது, அதைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவுமே இருக்கவில்லை.

இப்போது கணக்கு முடிந்ததும், அடுத்த நவம்பரில் மாநிலத்தின் காப்பீட்டுச் சந்தை திறந்ததும் வரச் சொல்லி அனுப்புகிறேன். வருபவர்களுக்கு மானியம் எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மானியம் போகப் பிரீமியம் அபராதத்தைவிடக் குறைவாக வரும்போது பலர் அங்கேயே உட்கார்ந்து சேர்ந்துவிடுகிறார்கள்.