அத்தைக்கு வந்தது பீடி இருமல் அல்ல

முக்கூடல், ஆலங்குளம், பொட்டல்புதூர், வீரவநல்லூர் என்று எங்கள் திருநெல்வேலிப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் மடியில் சுளகை வைத்துக்கொண்டு திண்ணையில் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். பீடி இலை வெட்டுவதும், புகையிலைத் தூள் வைத்துச் சுருட்டுவதும், நூல் கட்டுவதுமாகக் கை ஓயாது. தூள் மூக்கில் ஏறும், தும்மல் வரும், இருமல் வரும். அதனால் இருமலை இங்கே யாரும் நோயாக எண்ணுவதில்லை. "தூள் இருமல்தான், வேறென்ன" என்று சொல்லிவிட்டு அடுத்த இலையை எடுத்துவிடுவார்கள். என் மாமியாரின் காசநோய் இந்த நினைப்புக்குப் பின்னால்தான் பல வாரம் ஒளிந்திருந்தது. சிகிச்சை முடிந்து அத்தை இப்போது நலமாக இருக்கிறார். பீடி சுற்றுகிற வீடுகளில் இருப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

அத்தைக்கு முதலில் வந்தது இருமல் மட்டும்தான். பிறகு சாயங்காலம் ஆனால் உடம்பு இலேசாகச் சுடும். காலையில் ஒன்றும் இருக்காது. ராத்திரி வியர்வையில் தலையணை உறை நனைந்திருக்கும். சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் தள்ளிவிடுவார். விறுவிறுவென்று சுற்றி முடிப்பவர், பாதி இலை சுளகில் கிடக்கும்போதே சுவரில் சாய்ந்துவிடுவார். ஒருநாள் ரவிக்கைகளை என்னிடம் கொடுத்து, இரண்டு பக்கமும் பிடித்துத் தைக்கச் சொன்னார். அத்தைக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஆகவே மெலிவைச் சர்க்கரையின் கணக்கிலும் இருமலைத் தூளின் கணக்கிலும் எல்லோரும் எழுதிவிட்டார்கள். காய்ச்சலுக்கென்று பார்த்த தனியார் மருத்துவர் ஊசி போட்டு, சளிக்கு டானிக்கும் ஐந்து நாள் ஆன்டிபயாடிக்கும் எழுதித் தந்தார். அது தீர்ந்ததும் வேறொன்று. இடையில் கொஞ்சம் குறையும், மறுபடி வரும். சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்று அங்கே ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. சில வகை ஆன்டிபயாடிக்குகள் காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கிவைத்து நோயை மறைத்துவிடக்கூடியவை என்பது பிறகுதான் தெரியவந்தது.

சரியான கேள்வியைக் கேட்டவர், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை மாத்திரை கொடுக்கிற பெண். "எத்தனை நாளாக இருமுகிறீர்கள்?" என்றார். அத்தை விரல் விட்டு எண்ண ஆரம்பித்ததுமே, "இரண்டு வாரத்துக்கு மேல் ஆனால் சளி பார்க்க வேண்டும். நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள்" என்று சொல்லிவிட்டார். பீடி சுற்றுபவருக்கும் கணக்கு அதேதான். தூளால் வந்த இருமல் என்று உறுதியாகத் தோன்றினாலும் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் சளியைப் பார்த்துவிட வேண்டும்.

சளி கொடுப்பதில் ஒரு பக்குவம் இருக்கிறது. இதை யாரும் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். இரண்டு டப்பா தருவார்கள். ஒன்றில் அங்கேயே கொடுக்க வேண்டும். மற்றொன்றில் மறுநாள் விடிந்ததும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். வாயைத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, மூச்சை ஆழ இழுத்து நிறுத்தி, நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுக்க வேண்டும். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பயனில்லை. காலையில் வீட்டின் பின்புறம் வேப்பமரத்தடியில் அத்தையை நிற்கவைத்து எடுத்தோம். அறைக்குள் எடுத்தால் கிருமி உள்ளேயே சுற்றும், வெட்டவெளிதான் நல்லது. கெட்டியாக, மஞ்சளாக வந்தது. டப்பாவை இறுக மூடிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

இப்போது சளியில் கிருமியின் மரபணுவையே தேடிப் பார்க்கும் கருவி வந்திருக்கிறது. காசநோய் இருக்கிறதா என்பதோடு, ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான மருந்து அந்தக் கிருமியிடம் பலிக்குமா என்பதையும் அது சில மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது. அத்தைக்கு நோய் இருந்தது. மருந்துக்குக் கட்டுப்படுகிற வகை. அந்த இரண்டாவது செய்தியின் அருமை அன்றைக்கு எங்களுக்குப் புரியவில்லை.

நெஞ்சு எக்ஸ்ரே, ரத்தச் சர்க்கரை, எச்.ஐ.வி. பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். நர்ஸ் எடையும் உயரமும் பார்த்தார். கணுக்காலை விரலால் அழுத்தி வீக்கம் இருக்கிறதா என்று பார்த்தார். விரலில் கருவி மாட்டி ஆக்சிஜன் அளவைக் குறித்துக்கொண்டார். ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணினார். பிறகு, "எதையும் பிடிக்காமல் எழுந்து நில்லுங்கள்" என்றார். காசநோயால் நேரும் சாவைக் குறைக்கத் தமிழ்நாட்டில் 2022 முதல் செய்கிற சோதனை இது. இதில் ஆபத்து தெரிந்தால் உடனே மருத்துவமனையில் சேர்த்துவிடுவார்கள். அத்தை 38 கிலோதான் இருந்தார், ஆனாலும் பிடிமானம் இல்லாமல் எழுந்து நின்றார். திருநெல்வேலி ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடலாம் என்றார்கள்.

வீட்டிலிருந்தே என்றதும் சொந்தக்காரர்களுக்குப் பயம் வந்துவிட்டது. தனித் தட்டு, தனி டம்ளர், கொல்லைப்புறத்தில் கட்டில் என்று ஆளாளுக்கு யோசனை. "இது பரம்பரையாக வருவது" என்றுகூட ஒருவர் சொன்னார். ராபர்ட் காக் என்ற விஞ்ஞானி இந்தக் கிருமியை அடையாளம் காட்டியது 1882இல்! நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் காற்றில் கலக்கும் கிருமியால்தான் நுரையீரல் காசநோய் பரவுகிறது. தட்டிலோ துணியிலோ தொட்டுப் பேசுவதிலோ பரவுவதில்லை. வீட்டில் வைத்து மருந்து கொடுக்கலாம் என்று உலகத்துக்கு நிரூபித்ததே நம் சென்னைதான். 1956இல் அங்கே தொடங்கிய ஆய்வில், நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியம் என்கிற காசநோய் மருத்துவமனையில் வைத்தும், மற்றவர்களை அவரவர் நெருக்கடியான வீட்டிலேயே வைத்தும் மருந்து கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களுடைய குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான அந்த முடிவுதான் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது. இதையெல்லாம் என் கணவர் உட்காரவைத்து எடுத்துச் சொன்ன பிறகு வீட்டில் பேச்சு அடங்கியது. தட்டைப் பிரிக்கவில்லை. ஜன்னல்களைத் திறந்துவைத்தோம். முதல் சில வாரங்கள் அத்தை வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டார், தனியாகப் படுத்துக்கொண்டார். அவ்வளவே.

மாத்திரை எடைக்கேற்பத் தருகிறார்கள். அத்தைக்குத் தினமும் மூன்று. ஒவ்வொன்றிலும் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட், எத்தாம்பியூட்டால் என்று நான்கு மருந்துகள் சேர்ந்திருக்கும். இரண்டு மாதம் இப்படி. அடுத்த நான்கு மாதம் பைராசினமைட் இல்லாமல் மற்ற மூன்றும். நரம்பில் மதமதப்பு வராமலிருக்க ஒரு வைட்டமின் மாத்திரையும் உண்டு. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், ரிஃபாம்பிசினின் சாயம் அது, பயப்பட வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். சொல்லாமல் விட்டிருந்தால் ரத்தம் என்று நினைத்து அத்தை அன்றே மாத்திரையை நிறுத்தியிருப்பார். மூட்டு வலி வந்தது; மாத்திரை கொடுத்தார்கள், தாங்கிக்கொள்ளும்படி குறைந்தது. குமட்டலுக்குச் சிறிது சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். கண் மங்கினாலோ, கண்ணும் தோலும் மஞ்சளித்தாலோ, ஓயாமல் வாந்தி வந்தாலோ தாமதிக்காமல் வரச் சொன்னார்கள். முன்னது எத்தாம்பியூட்டால் பார்வை நரம்பைத் தொடுவதன் அறிகுறி. மற்றவை கல்லீரல் தடுமாறுவதைக் காட்டுகிறவை.

எங்களை அதிகம் அலைக்கழித்தது சர்க்கரைதான். ரிஃபாம்பிசின் சில சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. கட்டுக்குள் இருந்த சர்க்கரை ஏறியது, கொஞ்ச காலத்துக்கு இன்சுலினுக்கு மாற வேண்டியிருந்தது. ஊசி என்றதும் அத்தை அழுதார். சர்க்கரை ஏறிக் கிடந்தால் காசநோய் ஆறுவது தாமதப்படும் என்பதால் மருத்துவர் விடவில்லை. அவர் விடாமலிருந்தது நல்லதாயிற்று. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பே கூடுதல். ஆகவே சர்க்கரையும் இருமலும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் அதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள்.

சாப்பாட்டில் நான் கண்டிப்பாக இருந்தேன். முட்டை சூடு, மீன் ஆகாது, கஞ்சி மட்டும் போதும் என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். யார் பேச்சையும் கேட்கவில்லை. நம் திருநெல்வேலிச் சமையலிலேயே வழி இருக்கிறது. அளவான உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும், கூடவே ஒரு அவித்த முட்டை, முருங்கைக்கீரை, மலிவாகக் கிடைக்கும்போது சாளை மீன். ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பங்களுக்குச் சத்துணவு கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2023இல் வெளியானது. முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறியவர்களிடம் இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. சத்துணவு உண்ட குடும்பத்தாருக்குப் புதிதாக நோய் வருவதும் குறைந்தது. சாப்பாட்டுக்கென்று அரசு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறது. 2024 நவம்பருக்கு முன்பு அது 500 ஆக இருந்தது. எங்களுக்கு மாதாமாதம் வராமல் சேர்த்துத்தான் வந்தது. வங்கிப் புத்தகத்திலும் ஆதாரிலும் பெயர் ஒன்றுபோல இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் வாரத்தில் காய்ச்சல் நின்றது, பசி வந்தது. இரண்டாம் மாத முடிவில் எடுத்த சளியில் கிருமி இல்லை. ஆபத்தான கட்டம் இதுதான் என்பேன். "அதுதான் சரியாகிவிட்டதே, இந்த விஷத்தை இன்னும் எதற்கு விழுங்க வேண்டும்?" என்று அத்தை கேட்க ஆரம்பித்தார். பீடிக் கடையில் இலை வாங்க நிற்கும்போது யாராவது மாத்திரையைப் பற்றிக் கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சமும் சேர்ந்துகொண்டது. வேகமாகப் பெருகுகிற கிருமிகள் முதல் இரண்டு மாதத்தில் பெரும்பாலும் செத்துவிடுகின்றன. அசையாமல் பதுங்கிக் கிடப்பவற்றை ஒழிக்கத்தான் மிச்ச நான்கு மாதம். நடுவில் நிறுத்தினால் அவை திரும்பக் கிளம்பும், மருந்துக்கு அடங்காத வகையாக மாறவும் கூடும். அப்போது வேறு மருந்துகள், கூடுதல் தொல்லை. அத்தையின் கிருமி மருந்துக்குக் கட்டுப்படுகிற வகை என்பது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதை இழக்க நான் தயாராக இல்லை. தினசரி நாள்காட்டித் தாளில் மாத்திரை கொடுத்ததும் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் அதைக் கிழிப்பேன். கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட நாட்களிலும் தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். "நீ விடமாட்டாய் தாயி" என்று வாங்கி விழுங்குவார்.

எங்கள் எல்லோரையும் பரிசோதித்தார்கள். என் மகளுக்கு வயது நான்கு. நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஐசோனியாசிட் ஆறு மாதம் கொடுக்கச் சொன்னார்கள். நோயே இல்லாத பிள்ளைக்கு எதற்கு மாத்திரை என்று என் வீட்டிலேயே சண்டை. கிருமி உள்ளே புகுந்து நோயாக வெளிப்படாமல் இருக்கலாம். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அது மூளைக் காய்ச்சல்வரை போகக்கூடும். பிறந்ததும் போட்ட பிசிஜி ஊசி அந்தக் கடுமையான வகைகளைப் பெரிதும் தடுக்கும், முழுக் காப்பு ஆகாது. நான் விட்டுக்கொடுக்கவில்லை. மாத்திரையைப் பொடித்துக் கரைத்துக் கொடுத்தேன்.

அத்தைக்கு ஆறாம் மாத முடிவிலும் சளியில் கிருமி இல்லை. ரவிக்கைகளில் நான் போட்ட தையலைப் பிரித்துக் கொடுத்துவிட்டேன். பீடி சுற்றுவதை விட்டுவிடுவதே நல்லது என்றார் மருத்துவர். முழுவதும் விட முடியவில்லை, கைச்செலவுக்கு அதுதான் வழி. முன்னைவிடக் குறைவாக, காற்றோட்டமான வெளித்திண்ணையில், மூக்கில் துணி கட்டிக்கொண்டு சுற்றுகிறார். இன்னும் இரண்டு வருடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கிடையில் இருமல் இரண்டு வாரம் நீடித்தால் தவணைக்குக் காத்திருக்காமல் மறுபடி சளி டப்பா வாங்கிவிடுவோம். இந்த முறை தூளைக் காரணம் சொல்ல எங்கள் வீட்டில் யாரும் இல்லை.