மௌண்ட்பேட்டன் உட்கார்ந்த சீட்

எங்கள் சித்தப்பாவிடம் உலகப்போர்க் காலத்து ராணுவ ஜீப் ஒன்று இருக்கிறது. அதை ஜீப் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அமெரிக்க ராணுவம் தன் காகிதங்களில் அதற்கு வைத்த பெயர் 'கால் தொன் லொறி'. தேயிலைத் தோட்டத்தில் 32 வருடம் கொழுந்து லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். கடைசி வரைக்கும் தான் லொறிக்காரன்தான் என்று சொல்லிக்கொள்ள இந்தக் கால் தொன் அவருக்குப் போதும். இலங்கை மலைநாட்டில், லிந்துலையில் வீட்டுக்குப் பின்னால், கோழிக்கூட்டை இடித்துக் கட்டிய தகரக் கொட்டகைக்குள் அது நிற்கிறது. 1975இல் அரசாங்கம் தோட்டங்களை எடுத்தபோது துரைமார் விட்டுப்போன தட்டுமுட்டுச் சாமான்களோடு கைமாறிக் கைமாறி அவரிடம் வந்து சேர்ந்ததாம். என்ன விலைக்கு வந்தது என்பது சித்திக்கு இன்றுவரை தெரியாது.

வண்டியைவிடப் பெரியது அதன் கதை. 1944 ஏப்ரலில் மௌண்ட்பேட்டன் பிரபு நேசப்படைகளின் தென்கிழக்காசியத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். இது சரித்திரம். அவர் இந்த வண்டியில்தான் கண்டியைச் சுற்றினார் என்பது சித்தப்பா. மலைநாட்டில் ராணுவ ஜீப் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் மௌண்ட்பேட்டன் தம் வண்டியில்தான் உட்கார்ந்தார் என்கிறார்கள். போர் முடிவதற்குள் இந்த ஜீப்புகள் ஆறு இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன. எல்லாவற்றிலும் உட்கார்ந்து பார்த்திருந்தால் அந்த மனிதருக்கு யுத்தம் செய்ய நேரம் எங்கே இருந்திருக்கும் என்று ஒருமுறை கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்ற காலத்தில் ஜீப்பைக் கொட்டகைக்குள் தள்ளி மூடினார். மறுபடி திறந்தபோது சாரதி இருக்கைக்குள் எலி ஒரு குடும்பமே நடத்தி முடித்திருந்தது. ஏப்ரல் வசந்த காலத்துக்கு நுவரெலியாவுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டுபோய், பழைய கார் வைத்திருக்கும் கொழும்புக்காரர்களின் முன்னால் நிறுத்த வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. எலி கடித்த சீட்டோடு எப்படி நிறுத்துவது?

"தம்பி, நாளைக்குச் சீட்டைக் கழற்றுகிறோம்" என்றார். பன்மையில் சொன்னால் வேலை எனக்கு என்று பொருள்.

கழற்றிப் பிரித்தது ஒரு முழுநாள் வேலை. மேலே சிவப்பு ரெக்சின். ஏதோ ஒரு பஸ்ஸிலிருந்து வந்தது என்பது அதிலிருந்த சீட்டு இலக்கத்தில் தெரிந்தது. அதற்குக் கீழே பூப்போட்ட திரைச்சீலைத் துணி, பங்களா ஜன்னலில் தொங்கியது போல. அதற்கும் கீழே சாக்கு. சாக்குக்கும் அடியில்தான் பச்சையும் பழுப்பும் கலந்த பழைய கன்வஸ், தொட்டால் பொடியாகும் நிலையில். அதற்குள் கருப்பாகச் சுருள் சுருளாக முடி. அந்தக் காலத்து வண்டிக் குஷன்களில் குதிரை முடி அடைப்பது வழக்கம். நசுங்கினாலும் மறுபடி எழும்பும், காற்றும் போய்வரும். முடிக்கு நடுவே எலி சேர்த்துவைத்த செல்வம்: கொப்பித் தாள் துண்டுகள், தேயிலைக் குச்சிகள், சதுரமான ஐந்து சத நாணயம் ஒன்று, ஓரம் வளைவு வளைவாக இருக்கும் பத்துச் சதம் ஒன்று, சீப்பின் மூன்று பற்கள், பெண்கள் குத்தும் கொண்டை ஊசி ஒன்று. கொண்டை ஊசியைச் சித்தப்பா வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது எலி கொண்டுவந்தது" என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லையே!

குழப்பம் ஆணியில் வந்தது. இருக்கைச் சட்டத்தின் போல்ட் தலை ஒன்றில் பெயின்டைச் சுரண்டியபோது ஆங்கில 'எஃப்' எழுத்து எழும்பி நின்றது. போர்க்காலத்தில் வில்லிஸ் கொம்பனியின் ஜீப்பை ஃபோர்ட் கொம்பனியும் சேர்ந்து செய்தது. ஃபோர்ட் தன் போல்ட் தலைகளில்கூட 'எஃப்' பொறித்தது. சித்தப்பாவோ நாற்பது வருடமாக 'வில்லிஸ், வில்லிஸ்' என்று ஊரெல்லாம் சொல்லி வந்திருக்கிறார். ராணுவத்து வேர்க்ஷொப்புகளில் கைக்குக் கிடைத்த போல்ட்டைத்தான் போட்டிருப்பார்கள், ஒரு போல்ட்டை வைத்துக் குலம் கோத்திரம் சொல்ல முடியாது என்று நான் எவ்வளவோ ஆறுதல் சொன்னேன். அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று சித்தி சொன்னார்.

மறுநாள் இரண்டு இருக்கைகளையும் ஓட்டோவில் ஏற்றி, டவுனில் குஷன் வேலை செய்யும் பாஸிடம் கொண்டுபோனோம். ஓட்டோ சீட்டு, பஸ் சீட்டு, கல்யாண மண்டபத்து மணவறைச் சோபா எல்லாம் அவர் கைவேலைதான். அவர் கைத்திறமையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் ஜீப்பைக் கண்ணால் பார்க்கவில்லை, நாங்களும் காட்டவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

"ராணுவப் பச்சை வேண்டும் பாஸ்" என்றார் சித்தப்பா.

பாஸ் ஒரு சுருளை இழுத்துப் போட்டார். கிளிப்பச்சை. "வெயிலில் கொஞ்ச நாள் நின்றால் ராணுவப் பச்சை ஆகிவிடும் அண்ணன்" என்றார். அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. சித்தப்பாவுக்கும் பிடித்திருக்க வேண்டும், தலையாட்டினார். உள்ளே என்ன அடைப்பது என்ற பேச்சு வந்தது. தென்னந்தும்பு அடைக்கலாம் என்றேன். தும்பு கட்டிலுக்கு, வண்டிக்கு ஸ்பொஞ்ச்தான் என்று பாஸ் நான்கு அங்குலக் கட்டி ஒன்றைக் கையால் அமுக்கிக் காட்டினார். அது அழகாக அமுங்கி அழகாக எழும்பியது. முடிவாகிவிட்டது. நான் வெளியே வந்து நின்ற பிறகு சித்தப்பா மட்டும் திரும்ப உள்ளே போய்ப் பாஸின் காதில் ஏதோ சொல்லிவிட்டு வந்தார். விலை குறைக்கிறார் என்று நினைத்தேன்.

பத்து நாளில் இருக்கைகள் வந்தன. வைரக்கட்டத் தையல், நடுவே பொத்தான், ஓரத்தில் மஞ்சள் குழாய்த் தையல். சட்டத்தின் அடிவரைக்கும் ரெக்சினை இழுத்து, பலகை வைத்து, சுற்றிலும் ஆணி அடித்து, ஓர் எறும்பு நுழைய வழியில்லாமல் மூடியிருந்தார். பாஸின் பையனே வந்து பூட்டிவிட்டும் போனான். சித்தி வந்து பார்த்து, "கலியாண வீட்டுச் சோபா மாதிரி இருக்கிறது" என்றார். சித்தப்பா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அந்த ஜீப்பின் சாரதி இருக்கையை முன்னே பின்னே நகர்த்த முடியாது. ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள தூரம் போரில் சாப்பாடு குறைந்த இளைஞர்களுக்கு அளந்து வைத்தது. நான்கு அங்குல ஸ்பொஞ்ச் சித்தப்பாவை மேலே தூக்கியதில் முழங்கால்கள் ஸ்டியரிங்கைத் தொட்டன. முன்கண்ணாடியின் மேல் சட்டம் மிகச் சரியாக அவர் கண்களுக்கு நேரே வந்து நின்றது. குனிந்தால் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்க்கலாம், நிமிர்ந்தால் கண்ணாடிக்கு மேலாக. சாதாரணமாக உட்கார்ந்தால் ஓர் இரும்புக் கம்பியைப் பார்க்கலாம்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை புறப்பட்டோம். சித்தி காஞ்சிபுரம் சேலை, சித்தப்பா தொப்பி. நாலு பேர் பார்க்க வேண்டும் என்பதற்காக வண்டியின் கூரைத் துணியைக் கட்டவில்லை. லிந்துலையிலிருந்து நானுஓயாப் பக்கம் ஏறும் ரோட்டில் அவர் குனிந்தும் நிமிர்ந்தும் ஓட்டியதைப் பார்த்து, எதிரே வந்தவர்கள் வணக்கம் சொல்கிறார் என்று நினைத்துப் பதில் வணக்கம் சொன்னார்கள். ஒருவர் குடையைக்கூட இறக்கினார்.

வழியில் பெற்றோல் ஷெட்டில் நிறுத்தினோம். பின்னால் ஒரு வேன், அதற்குப் பின்னால் நான்கைந்து ஓட்டோக்கள். பெற்றோல் அடிக்கும் பையன் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியை ஒருமுறை சுற்றி வந்தான். மூடியைக் காணவில்லை. எதிர்ப் பக்கமாக இன்னொருமுறை சுற்றினான். "ஐயா, எங்கே அடிக்கிறது?"

சித்தப்பாவின் முகம் வெளிறியதை அப்போதுதான் பார்த்தேன்.

அந்த ஜீப்பில் பெற்றோல் தாங்கி சாரதி இருக்கைக்கு நேர் கீழே இருக்கிறது. 57 லீற்றர் கொள்ளும். சாரதி இறங்கி, குஷனைத் தூக்கி, அதன் அடியிலிருக்கும் மூடியைத் திறந்துதான் ஊற்ற வேண்டும். நாற்பது வருடமாக அப்படித்தான் ஊற்றி வந்தார். பாஸ் எறும்பு புகாமல் அடைத்தது அந்த வழியைத்தான். பாஸிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டியவர் ஒருவர் உண்டு. அவர் பெயரைச் சொல்லிக் குடும்பத்துக்குள் சண்டை மூட்ட விரும்பவில்லை.

வேன் ஹோர்ன் அடித்தது. ஓட்டோக்காரர்கள் இறங்கி வந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் இருக்கையை இழுத்துப் பார்த்தார், ஒருவர் உதைத்துப் பார்த்தார், ஒருவர் வைரக்கட்டத்தைத் தடவிப் பார்த்து, "நல்ல வேலை, எங்கே தைத்தது?" என்று விசாரித்தார். கடைசியில் வேன் சாரதி ஒரு பிளேட்டை நீட்டினார். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஆறு வாரமாகப் பார்த்துப் பார்த்து ரசித்த கிளிப்பச்சையை நான் ஓரமாகக் கிழித்தேன்.

கிழித்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி, ரெக்சின் மடிப்புக்குள் ஒரு சின்ன ஜிப் இருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாத, வெகு நுணுக்கமான வேலை. பிளேட் பட்டு அதுவும் வாயைத் திறந்தது. உள்ளேயிருந்து இரண்டு கட்டுப் பீடி பொத்தென்று தரையில் விழுந்தது.

சித்தப்பா பீடியை விட்டுப் பதினொரு வருடம். மார்பில் சளி கட்டியபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி சித்தியின் கையில் அடித்துச் சத்தியம் செய்தவர். பெற்றோலுக்கு வழி விட மறந்தவர், பீடிக்கு மட்டும் தனியாகக் காதில் சொல்லி வழி செய்திருக்கிறார்!

சித்தி கத்தவில்லை. சேலையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். பீடிக் கட்டுகளைப் பார்த்தார். அவை இருந்த பையைப் பார்த்தார். அதற்கு நேர் கீழே இருந்த தாங்கியைப் பார்த்தார். "பெற்றோல் டாங்கிக்கு மேலேயா?" என்றார். அவ்வளவுதான். பெற்றோல் அடிக்கும் பையன் குழாயைக் கொண்டுபோய்ப் பம்பில் மாட்டிவிட்டு வந்தான், 'புகைபிடிக்காதீர்' என்ற பலகைக்குப் பக்கத்தில் நின்று சிரிப்பதற்கு.

ஏப்ரல் மாதத்துப் பிற்பகல் மழை எங்களுக்காக நானுஓயாவில் காத்திருந்தது. கூரை இல்லை, சாரதி இருக்கை கிழிந்து ஸ்பொஞ்ச் வெளியே தெரிந்தது. ஸ்பொஞ்ச் தண்ணீரைக் குடித்தால் விடாது என்பது எல்லாருக்கும் தெரியும். அதன்மேல் உட்கார்ந்து வளைவுகளில் வண்டி ஓட்டினால் என்ன ஆகும் என்பது அன்று சித்தப்பாவுக்கும் தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் 'சதக்' என்றது. சித்தி குடையை விரித்து நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். குடை ஒருவருக்குப் போதுமான குடை. நுவரெலியாவில் கொழும்புக்காரர்களுக்கு நடுவே வண்டியை நிறுத்தினோம். எல்லாரும் இறங்கச் சொன்னார்கள், படம் எடுக்க வேண்டுமாம். சித்தப்பா கடைசிவரை சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை.

வீடு திரும்பிய அடுத்த வாரம் சித்தி வேலையைக் கையில் எடுத்தார். இருபது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். இடுப்பில் கட்டும் படங்கைத் தானே தைத்துக்கொண்டவர். தையல் மெஷினில் கன்வஸை வைத்துப் பார்த்தார். ஊசி இரண்டு முறை முறிந்தது. மெஷினை மூடிவிட்டுக் கோணி ஊசியை எடுத்தார். லொறித் தறப்பாள் கடையிலிருந்து வந்த தடித்த கன்வஸ். மெழுகுதிரியில் இழுத்து இழுத்து மெழுகேற்றிய பருத்தி நூல். நைலோன் நூல் பலமாக இருக்குமே என்றேன். பருத்தி நூல் மழையில் ஊதி ஊசித் துவாரத்தை அடைத்துக்கொள்ளும், நைலோன் ஊதாது என்றார். உள்ளே ஸ்பொஞ்சுக்குப் பதில், மெத்தைக்குப் போடும் ரப்பர்ப் பால் தெளித்த தும்புத் தட்டு, இரண்டு அங்குலம். நனைந்தாலும் தண்ணீர் கீழே இறங்கிவிடும். தூக்குவதற்கு இரண்டு பக்கமும் பட்டி. சித்தப்பாவின் கண்ணுக்கு மறுபடி ரோடு தெரிந்தது. ஜிப் மட்டும் இல்லை.

பழைய குதிரை முடியை எறிய வேண்டாம் என்று சித்தப்பா கெஞ்சினார். மௌண்ட்பேட்டன் உட்கார்ந்த முடி. ஒரு பிடியாவது தன்னுடைய சீட்டுக்குள் வைத்துத் தைக்கச் சொன்னார். சித்தி நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுக் கேட்டார்: "அவ்வளவு பெரிய பிரபு தானே வண்டி ஓட்டியிருப்பாரா? சாரதி வைத்திருக்க மாட்டாரா?" கழுவிக் காயவைத்த முடி முழுவதும் பக்கத்துச் சீட்டுக்குள் போனது. அது சித்தியின் சீட்.

இப்போது பெற்றோல் ஷெட்டுக்குப் போனால் முதலில் சித்தி இறங்குகிறார். பட்டியைப் பிடித்துக் குஷனைத் தானே தூக்கி, அடியில் ஒரு பார்வை, மடிப்புக்குள் விரல்விட்டு ஒரு தடவல். பிறகுதான் பையனைப் பார்த்து, "சரி மகன், இனி அடியுங்கள்" என்கிறார். சித்தப்பா அந்த நேரத்தில் ஓட்டோக்காரர்களுக்கு மௌண்ட்பேட்டன் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். முன்பெல்லாம் தன் சீட்டைத் தட்டிக் காட்டுவார். இப்போது கை பக்கத்துச் சீட்டுக்குப் போகிறது.